நிறம் மங்கிய பன்னிரண்டு ஒயர்: பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மரில் எது எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் இருந்து கழற்றியது என்று சொல்லி எடைக்குப் போட்ட பவர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். லேபிள் இல்லை, பன்னிரண்டு ஒயர் வருகிறது, நிறமெல்லாம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. மல்டிமீட்டரில் இரண்டு ஜோடி ‘ஷார்ட்’ காட்டுகிறது. நேராக 230 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாமா, இரண்டு ஈஎல்34 வால்வை இது தாங்குமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எந்த ஒயர் எந்தச் சுற்றைச் சேர்ந்தது, டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு கரண்ட் தரும். முதலாவதற்குச் சந்தேகமில்லாத விடை கிடைக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடைக்கும். மூன்றாவது எப்போதுமே மதிப்பீடுதான். அந்த ‘ஷார்ட்’ அநேகமாக ஷார்ட் இல்லை, வால்வின் உள்ளிழையைச் சூடாக்கும் ஹீட்டர் சுற்று. தடித்த கம்பியில் சில பத்துச் சுற்றுகள்தான் இருக்கும் என்பதால் 0.1, 0.2 ஓம்தான் காட்டும். 230 மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தவறிப்போய் ஹீட்டர் சுற்றில் மெயின்ஸைக் கொடுத்தால், ஃபியூஸ் போவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் எச்.டி. (வால்வுகளுக்கு உயர் வோல்ட் தரும் சுற்று) முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். உள்ளிருக்கும் பழைய காகித இன்சுலேஷன் அதோடு முடிந்தது.

நிறத்தை முதலில் பேசித் தீர்த்துவிடலாம். அமெரிக்கத் தயாரிப்புகளில் ஒரு பொது வழக்கம் இருந்தது: பிரைமரி (மெயின்ஸ் கொடுக்கும் சுற்று) கறுப்பு, எச்.டி. முனைகள் இரண்டும் சிவப்பு, அதன் சென்டர் டேப் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த ஒயர்) சிவப்பில் மஞ்சள் கோடு, ரெக்டிஃபயரின் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் வால்வு) 5 வோல்ட் மஞ்சள், 6.3 வோல்ட் ஹீட்டர் பச்சை, இரண்டாவது ஹீட்டர் சுற்று இருந்தால் பழுப்பு. ஃபெண்டர் போன்ற கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் சிவப்பில் நீலக் கோடு போட்ட ஒயர் பயாஸ் டேப் (வால்வின் கிரிடுக்கு நெகட்டிவ் வோல்ட் எடுப்பது). அமெரிக்கச் சரக்கில் கோர் (நடுவிலுள்ள இரும்புத் தகட்டு அடுக்கு) மேல் அச்சிட்ட எண்ணும் உதவும். 606-5-23 என்றிருந்தால் 606 ஷூமாக்கர் கம்பெனியின் எண், 5 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், 23 வாரம். 1955-ஆ 1965-ஆ என்பதை அது சொல்லாது. பிரிட்டிஷ், ஐரோப்பிய, இந்தியத் தயாரிப்புகளில் இந்த நிற வழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. ஒருமுறை வைண்டிங் கடைக்குப் போய் வந்த டிரான்ஸ்ஃபார்மரில் அன்று கடையில் எந்த நிற ஸ்லீவ் இருந்ததோ அதுதான் இருக்கும். நிறம் ஒரு துப்பு, அவ்வளவே.

வேலையைத் தொடங்குமுன் ஒயர்களைப் பாருங்கள். ரப்பர் உறை போட்ட பழைய ஒயர் வளைத்தால் பொடியாக உதிரும். சுற்றிலிருந்து வெளியே வரும் இடத்தில் வளைக்காதீர்கள், அங்கே ஒடிந்தால் பிடித்துப் பற்றவைக்க இடம் இருக்காது. ஒவ்வொன்றின் மேலும் ஃபைபர் கிளாஸ் ஸ்லீவை முடிந்த வரை உள்ளே தள்ளி, முனையை அரை அங்குலம் சுரண்டி, 1 முதல் 12 வரை எண் எழுதிய டேப்பை ஒட்டுங்கள். ஒரு தாளில் டிரான்ஸ்ஃபார்மரின் படம் போட்டு எந்த எண் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் பிரைமரி ஒயர்கள் ஒரு பக்கம் சேர்ந்தே வரும், அந்தக் குறிப்பு பிறகு பயன்படும்.

அடுத்தது ஓம் மீட்டர். இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டால் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். மலிவு மீட்டரில் 0.3 ஓம் வரை காட்டும், அதை எல்லா அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். பிறகு ஒயர் 1-ஐப் பிடித்துக்கொண்டு மற்ற பதினொன்றையும் தொட்டு, தொடர்பு உள்ளவற்றை ஒரு குழுவாகப் பிரியுங்கள். அளக்கும்போது இரண்டு முனையையும் விரலால் பிடிக்காதீர்கள். பெரிய சுற்றிலிருந்து மீட்டரை எடுக்கும் நேரத்தில் ‘சுருக்’கென்று ஒரு அடி விழும், பழைய முள் மீட்டரில் அது இன்னும் பலமாக இருக்கும். பன்னிரண்டு ஒயர் என்றால் வழக்கமான பங்கீடு 4, 3, 2, 2, தனியாக 1. நான்கு ஒயர் குழுவில் ஆறு ஜோடி அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக 17.3, 15.7, 14.2, 3.1, 1.6, 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதிகம் காட்டும் ஜோடிதான் இரண்டு கடைசி முனைகள். அந்த இரண்டில் மற்ற மூன்றிடமிருந்தும் தள்ளி நிற்பது ‘0’ முனை. மீதி மூன்றும் 14.2, 15.7, 17.3 என்று ஏறுவரிசையில் வருகின்றன என்றால் அது 0-200-220-240 போன்ற டேப் வைத்த பிரைமரி. மூன்று ஒயர் குழுவில் 62, 68, 130 ஓம் என்று வந்தால் அது சென்டர் டேப் உள்ள எச்.டி. சுற்று. 62-உம் 68-உம் சமமாக இல்லையே என்று பயப்பட வேண்டாம். வெளிப்பாதி பெரிய விட்டத்தில் சுற்றப்படுவதால் அதே எண்ணிக்கைக்குக் கம்பி கூடுதலாகப் போகும். ஓம் வேறுபடும், வோல்ட் வேறுபடாது. இரண்டு ஒயர் ஜோடிகள் இரண்டும் 0.1, 0.2 ஓம். இதில் எது 5 வோல்ட், எது 6.3 என்று ஓம் மீட்டரை வைத்துச் சொல்லவே முடியாது. கம்பித் தடிமன் வேறு என்பதால் ஓம் அதிகமாக இருப்பதே 6.3 என்று சொல்வது பிழை.

தனியாக நிற்கும் அந்த ஒரு ஒயர் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் (வோல்ட் வெளியே தரும் மற்ற சுற்றுகள்) நடுவே வைத்த செம்புத் தகடு ஷீல்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைப் பிறகு சேஸிஸில் இணைப்பீர்கள். சில நேரம் ஷீல்டும் கோரும் உள்ளேயே இணைந்திருக்கும். ஆனால் எச்.டி. குழுவில் இரண்டே ஒயர் இருந்து, ஒன்று தனியாக நின்றால், அறுந்துபோன சென்டர் டேப்போ என்ற சந்தேகம் வர வேண்டும். அதையும், பின்னால் சொல்லும் குறைந்த வோல்ட் சோதனையின்போது பார்த்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரில் அந்தத் தனி ஒயரில் ஏதோ சில வோல்ட் தெரியும். குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்ததும் அது காணாமல் போகிறது என்றால் வெறும் கெபாசிட்டன்ஸ் வழியாக வந்த பொய் வோல்ட். அந்த ஒயர் எந்தச் சுற்றோடும் இணைந்திருக்கவில்லை.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் மெகா ஓம் ரேஞ்ச் இதற்குப் போதாது, அது கொடுப்பது சில வோல்ட்தான். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) தெருமுனை மோட்டார் வைண்டிங் கடையில்கூட இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் கோருக்கும் நடுவிலும், குழுக்களுக்கு இடையிலும் பாருங்கள். 20 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. இரண்டு மூன்று மெகா ஓம்தான் என்றால் பெரும்பாலும் ஈரம். 60 வாட் குண்டு பல்பை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியவிட்டு, பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு பகலும் இரவும் 70, 80 டிகிரியில் காயவைத்துத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ஈரம்தான். ஏறவில்லை என்றால் அதை ஆம்ப்ளிஃபயரில் போடக் கூடாது. இதில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது 5 வோல்ட் சுற்று. 5ஒய்3, 5யூ4 மாதிரி ரெக்டிஃபயர்களில் அந்தச் சுற்று முழுவதும் 350, 400 வோல்ட் டி.சி.யின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அதற்கும் கோருக்கும் நடுவில் இன்சுலேஷன் தளர்ந்திருந்தால் ரெக்டிஃபயர் வால்வும் போகும், எச்.டி. சுற்றும் போகும்.

இப்போதுதான் முக்கியமான சோதனை. நன்றாகத் தெரிந்த வேறொரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து அதன் 12 வோல்ட் ஏ.சி.யை, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் எந்தக் குழுவுக்கு ஓம் மிக அதிகமோ அதன் இரு கடைசி முனைகளுக்குக் கொடுங்கள். ஏன் அதிக ஓம் உள்ளதற்கு? அதிகச் சுற்றுள்ளது அநேகமாக அதுதான், எனவே மற்ற எல்லாச் சுற்றிலும் 12-ஐ விடக் குறைவாகத்தான் வரும். உங்கள் ஊகம் தவறாகவே இருந்தாலும் ஆபத்து எழாது. 6.3 வோல்ட் என்று நினைத்து ஹீட்டர் ஜோடிக்கு 6 வோல்ட் கொடுப்பவர்கள் உண்டு. ‘ஆறு வோல்ட்தானே’ என்று தோன்றும், மறுமுனையில் அறுநூறு வோல்ட் நிற்கும். இந்த வகைச் சோதனையில் ஆட்கள் அடிவாங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

எடுத்துக்காட்டு எண்களோடு பார்ப்போம். எச்.டி. முனைகளில் 12.0 வோல்ட் கொடுத்ததும் நான்கு ஒயர் குழுவில் 0-விலிருந்து 3.75, 4.12, 4.50 வோல்ட் வருகிறது. சென்டர் டேப்பிலிருந்து இரு பக்கமும் 6.0, 6.0. நான்கு ஒயர் குழுவின் மூன்று அளவுகளும் 200, 220, 240 என்ற விகிதத்தில் அச்சாக இருப்பதைப் பாருங்கள். பிரைமரி எது என்பது இதோடு உறுதி. ஹீட்டர் ஜோடிகளில் 0.13, 0.10 மாதிரிதான் வரும். ஏ.சி. ரேஞ்ச் 200 வோல்ட்டில் தொடங்கும் மலிவு மீட்டரில் இது சரியாகத் தெரியாது. எனவே 12 வோல்ட்டை இப்போது பிரைமரியின் 0-240-க்கு மாற்றிக் கொடுங்கள். எச்.டி.யில் மொத்தம் 32 வோல்ட்டுக்கு மேல் வராது, பயமில்லை. ஹீட்டர் ஜோடிகளில் 0.34, 0.27 வோல்ட் வருகிறது. 0.34-ஐ 0.27-ஆல் வகுத்தால் 1.26. 6.3-ஐ 5-ஆல் வகுத்தாலும் 1.26. எனவே 0.34 வருவது 6.3 வோல்ட் ஹீட்டர், 0.27 வருவது ரெக்டிஃபயர். 2 வோல்ட் ஏ.சி. ரேஞ்சாவது உள்ள மீட்டர் வேண்டும். கொடுக்கும் 12 வோல்ட்டையும் ஒவ்வொரு முறையும் அளந்துகொள்ளுங்கள், 12 என்று எழுதியிருப்பது சுமையில்லாமல் 13-க்கு மேல்கூடத் தரும்.

இங்கே எது உறுதி, எது ஊகம் என்பதைப் பிரித்துவைக்க வேண்டும். விகிதங்கள் உறுதி. ‘இது 6.3’ என்பது ஊகம், வலுவான ஊகம். 5-க்கும் 4-க்கும் உள்ள விகிதமும் 1.25தான். போருக்கு முந்தைய பிரிட்டிஷ், ஐரோப்பிய வால்வுகள் பலவற்றுக்கு ஹீட்டர் 4 வோல்ட். 2ஏ3, 45 மாதிரி அமெரிக்க வால்வுகளுக்கு 2.5. எனவே ஒரே ஒரு விகிதத்தை மட்டும் நம்பாமல் மெயின்ஸையும் சாட்சிக்கு அழையுங்கள். 12-ஐ 0.34-ஆல் வகுத்தால் 35.3. சுமையில்லாத நிலையில் 6.3 வோல்ட் சுற்று 6.8 வரை காட்டும். 35.3-ஐ 6.8-ஆல் பெருக்கினால் 240. மெயின்ஸ் வோல்ட் சரியாக வந்துவிட்டது. அதே சுற்றை 5 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் பிரைமரி 190 என்று வரும், அப்படி எவரும் சுற்றுவதில்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் முடிவுக்கு வாருங்கள். வகுத்து வரும் எண் 17 பக்கத்தில் இருந்தால் அது 117 வோல்ட் அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர். அதை ஸ்டெப்-டவுன் போட்டு நம் மெயின்ஸில் ஓட்டும்போது இன்னொரு சிக்கல் உண்டு. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியதை 50-இல் ஓட்டினால் கோரில் ஃப்ளக்ஸ் 20 விழுக்காடு ஏறும். தாராளமாகக் கோர் வைத்தது தாங்கும், கணக்குப் பார்த்துச் சுற்றியது கொதிக்கும். 100 வோல்ட் பக்கத்தில் கொடுப்பது பாதுகாப்பு, எல்லா வோல்ட்டும் அதே விகிதத்தில் குறையும்.

எல்லாம் இப்படி ஒழுங்காக வராத சில வகைகளும் உண்டு. இரண்டு ஜோடியும் சம வோல்ட் காட்டினால் ஈஇசட்80, ஈஇசட்81 மாதிரி 6.3 வோல்ட் ரெக்டிஃபயருக்கான டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம். அப்போது தடித்த கம்பி உள்ளது ஆம்ப்ளிஃபயர் வால்வுகளுக்கு. பிரைமரி போல இரண்டு தனிக் குழு, ஒரே வோல்ட் என்றால் அது 115-உம் 115-உம். தொடராக இணைத்து 12 வோல்ட் சோதனையிலேயே வோல்ட் இரட்டிப்பாகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் பக்கம் வந்தால் ஒன்றைத் திருப்பிப் போட வேண்டும். அப்படியே மெயின்ஸ் கொடுத்திருந்தால் நேர் ஷார்ட்டுக்குச் சமம். இருபது முப்பது ஓம் காட்டி, வோல்ட் மட்டும் ஐம்பது பக்கம் வரும் சுற்று இருந்தால் அது பயாஸ் சுற்று. மூன்று ஒயர் உள்ள ஒரு பெரிய சுற்றும், மற்றதில் 1, 1.4, 2 என்ற விகிதத்தில் டேப்களும் வந்தால், உங்கள் கையில் இருப்பது பவர் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. 4, 8, 16 ஓம் ஸ்பீக்கர் டேப் உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அது. மெயின்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

இனி மெயின்ஸ். 40 அல்லது 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு 0-240 முனைக்குக் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. மற்ற ஒயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கனெக்டரில் இருக்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் மின்னி அணைந்துவிட்டால் நல்லது. தொடர்ந்து பளிச்சென்று எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன என்று பொருள். எச்.டி.யை அளக்கும்போது முனைக்கு முனை வேண்டாம், சென்டர் டேப்பிலிருந்து ஒவ்வொரு பக்கமாக அளங்கள். 350-0-350 சுற்று சுமையில்லாமல் முனைக்கு முனை 750-ஐத் தொடும், சாதாரண மீட்டரின் எல்லை 600 அல்லது 750தான். ஆஃப் செய்து கிளிப்பை மாட்டி, பிறகு ஆன் செய்து படியுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. (கசிவு கரண்டைக் கண்டால் விழும் சுவிட்ச்) இருக்கிறது என்ற தைரியம் இங்கே செல்லாது. செகண்டரி மெயின்ஸிலிருந்து பிரிந்தது என்பதால் எச்.டி.யின் இரு முனைக்கு நடுவே நீங்கள் மாட்டிக்கொண்டாலும் அது விழாது. எல்லாம் சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு 250 மில்லிஆம்பியர் ஃபியூஸோடு ஒரு மணி நேரம் சும்மா ஓடவிடுங்கள். ஆன் செய்யும் கணத்தில் கரண்ட் பாயும் என்பதால் ஃபியூஸ் ஸ்லோ-புளோ வகையாக இருக்கட்டும். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால், சுமையே இல்லாதபோது, ஒட்டிய சுற்றுகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. மெகரும் ஓம் மீட்டரும் அதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

கரண்ட் கணக்குக்குக் கோரை அளக்க வேண்டும். ஸ்டாம்பிங்கின் (கோர் தகடு) நடுக்கால் அகலம் 3.2 செ.மீ., அடுக்கின் உயரம் 4 செ.மீ. என்றால் பரப்பு 12.8 சதுர செ.மீ. அதை 1.15-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 50 ஹெர்ட்ஸில் சுமார் 124 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு). நடுக்கால் வெளியே தெரியாது. ஓரக்காலின் அகலத்தை இரட்டித்துக்கொள்ளுங்கள், வழக்கமான ஸ்டாம்பிங்கில் அது ஒத்துவரும். ஹீட்டர் ஒயர் உள்ளே பற்றவைத்த நெகிழ் ஒயராக இல்லாமல் சுற்றின் கம்பியே வெளியே வருகிறது என்றால் மைக்ரோமீட்டரில் தடிமனை அளந்துகொள்ளலாம். 1.22 மி.மீ., அதாவது 18 கேஜ் என்றால், சதுர மி.மீட்டருக்கு 2.5 ஆம்பியர் என்ற கணக்கில் 2.9 ஆம்பியர். ஹீட்டருக்கும் ரெக்டிஃபயருக்கும் 29 வி.ஏ. போக மீதி 95. 12-க்கு 32 வந்ததால் 240-இல் எச்.டி. சுமையில்லாமல் மொத்தம் 640, சுமையோடு சுமார் 300-0-300 என்பதால், கெபாசிட்டர் இன்புட்டில் (ரெக்டிஃபயரை அடுத்து நேராகக் கெபாசிட்டர்) 150 மில்லிஆம்பியர் டி.சி.க்கு மேல் நம்ப வேண்டாம். இந்த எண் தளர்வானது, முன்னே பின்னே 20 விழுக்காடு போகும். உண்மையைச் சொல்வது சூடுதான். சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டி ஆஃப் செய்த உடனே பிரைமரியை ஓம் மீட்டரில் பாருங்கள். 30 டிகிரியில் 17.3 ஓம் இருந்தது 19.3 ஆகியிருந்தால் உள்ளே செம்பு சுமார் 30 டிகிரி ஏறியிருக்கிறது. பழைய காகித இன்சுலேஷனுக்கு 50-க்குள் வைத்திருப்பது நல்லது.

உங்கள் ஈஎல்34 கேள்விக்கு வருவோம். உங்கள் அளவுகளும் இந்த எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், இரண்டு ஈஎல்34-க்கு ஹீட்டர் 3 ஆம்பியர், முன்நிலை வால்வுகளான இரண்டு ஈசிசி83-க்கு 0.6, மொத்தம் 3.6. அந்த 18 கேஜ் சுற்றுக்கு அது அதிகம். ஈஎல்34-க்குப் பதில் இரண்டு 6எல்6ஜிசி அவுட்புட் வால்வு என்றால் 1.8-உம் 0.6-உம் சேர்த்து 2.4தான், பிளேட்டில் 360 வோல்ட்டுக்கு முழு வீச்சில் 130 மில்லிஆம்பியர் அளவில் எடுக்கும். இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அது பொருந்தும். ரெக்டிஃபயருக்கு 5ஒய்3 போதாது, அதன் எல்லை 125 மில்லிஆம்பியர். ஜிஇசட்34 போடுங்கள், ஹீட்டர் 1.9 ஆம்பியர்தான். வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடு போடுவதாக இருந்தால் ஃபில்டர் கெபாசிட்டரைப் பார்த்து வாங்குங்கள். மெயின்ஸ் 245 இருக்கும் நேரத்தில், 230 டேப் இல்லாததால் 220 முனையில் போட்டிருந்தால், வால்வுகள் சூடாகும் வரை டி.சி. 500-ஐத் தாண்டி நிற்கும். 240 முனையில்கூட 460 வரும். 450 வோல்ட் கெபாசிட்டர் இரண்டுக்குமே ஆகாது. 350 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள்.